செகண்ட்ஸ் போலோ ஜிடி டிடிஐ: வாங்கவும் தேற்றவும் ஓட்டவும் முழுமையான வழிகாட்டி

போலோ ஜிடி டிடிஐ இனி புதிதாகக் கிடைக்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் டீசல் இன்ஜினையே கைவிட்டது. 2022இல் போலோவும் முடிந்தது. ஆனாலும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஒரு காரில் 250 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர் மேனுவல், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18-20 கிலோமீட்டர் என்ற கூட்டணி வேறு எதிலும் எளிதில் அமையாததால், செகண்ட்ஸ் சந்தையில் இதற்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

வாங்கியவர்களில் பலர் பணத்தைச் செலவழிக்கும் வரிசைதான் சரியில்லை. முதல் மாதம் ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது), இரண்டாம் மாதம் அலாய் வீல், பிறகு எக்ஸாஸ்ட். டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஆயில் எல்லாம் ஏதாவது உடைந்த பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. பத்து வயதான ஜிடி டிடிஐயைக் கம்பெனி விட்ட நிலைக்குக் கொண்டுவந்தாலே, பெரும்பாலானவர்களுக்கு ரீமேப் நினைப்பே வராது.

எந்த வருட வண்டி, எந்த இன்ஜின்

இந்தியாவில் ஜிடி டிடிஐ 2013 செப்டம்பரில் 1.6 லிட்டர் இன்ஜினோடு வந்தது: 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். 2014 ஃபேஸ்லிஃப்டில் அதே இன்ஜின் 1.5 லிட்டராகச் சுருங்கியது. காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் இருக்கும் டீசல் காரின் இன்ஜின் 1,500 சிசியைத் தாண்டாவிட்டால்தான் குறைந்த கலால் வரி கிடைத்தது. சக்தியும் டார்க்கும் அப்படியே இருந்தன. பின்னால் வந்த வண்டிகளில் 110 குதிரைத்திறன். ஓட்டும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வருடத்தைவிடப் பராமரிப்பைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

சாதாரண ஹைலைன் வண்டியில் இதே 1.5 டீசல் 90 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டரோடு வந்தது. அதில் ஜிடி ஸ்டிக்கரும் எம்ப்ளமும் ஒட்டி விற்பவர்கள் உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் வேரியன்ட் என்ன என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் கோல்ஃப் ஜிடிஐ 1976இலும், அதன் டீசல் தம்பி ஜிடிடி 1982இலும் வந்து ஒரு பரம்பரையே உருவாகியிருக்கிறது. நம் ஊர் ஜிடி டிடிஐ அந்த வம்சத்தில் நேரடி வாரிசு அல்ல. பின்னால் டிரம் பிரேக், வழுக்கும்போது வண்டியை நிலைநிறுத்தும் இஎஸ்பி இல்லை, சஸ்பென்ஷனும் மென்மையாகவே இருக்கும். இஎஸ்பி வேண்டுமென்றால் பெட்ரோல் ஜிடி டிஎஸ்ஐ பக்கம் போக வேண்டும். அங்கே ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி என்ற வேறொரு தலைவலி காத்திருக்கிறது. அந்தப் பெட்டிக்கு நின்று நின்று நகரும் டிராஃபிக் பிடிக்காது. பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விலகிவிடும். பாதி மிதித்து ஊர்ந்தால் கிளட்ச் உரசிக்கொண்டே, சூடாகிக்கொண்டே இருக்கும்.

மாற்று வேண்டுவோருக்கு ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் நல்ல வண்டி. 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர், போலோவைவிட லேசான உடல்வாகு. பெட்ரோல் போதும் என்பவர்களுக்கு 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ, கோயம்புத்தூர் ஜெயெம் கை வைத்த டியாகோ ஜேடிபி, ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் ஐ20 என் லைன். இனி வருவதெல்லாம் போலோ டீசலைப் பற்றித்தான்.

பேப்பர் வேலை

பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்சி நிலை, கடன் பதிவு, செலான், இன்சூரன்ஸ் தேதி ஆகிய நான்கையும் பாருங்கள். ஹைப்பாதிகேஷன் (ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு) இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28.

வேறு மாநிலம் என்றதும் டெல்லி வண்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தலைநகர்ப் பகுதியில் வந்த தடையால் அங்கே விலை சரிந்து, என்ஓசியோடு தெற்கே வரும் ஜிடி டிடிஐகள் நிறைய. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் மறுபதிவுக்குச் சாலை வரி கட்ட வேண்டும். அதற்கு மேல் ஏஜென்ட் கூலி, அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்துவிடும். பதினைந்து வருடத்தில் ஆர்சி புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 2013 வண்டிக்கு அது 2028இல் வரும்.

இன்சூரன்ஸைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை.

இன்னொன்று: மாசு வெளியீட்டு மென்பொருள் விவகாரத்தில் 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. 1.5, 1.6 இரண்டு இன்ஜினும் அந்தப் பட்டியலில் அடக்கம். அப்டேட் ஆகியிருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்து விசாரியுங்கள்.

வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில், இன்ஜின் ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன் சார்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பிறகு இந்த வரிசையில் போகலாம்.

1. ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒருவர் நிற்கட்டும். நல்ல இன்ஜின் ஓரிரு வினாடியில் பிடித்துவிடும். வெள்ளைப் புகை வந்து சில வினாடியில் அடங்காமல் தொடர்ந்தால், இன்ஜின் தள்ளாடினால், குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ சந்தேகிக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

2. இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். துருநிறச் சேறு என்றால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. இன்டர்கூலர் ஹோஸ் ஒன்றைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய ஆயில் பூச்சு எல்லா டர்போ டீசலிலும் இருப்பதுதான். விரல் நனைந்து சொட்டும் அளவுக்கு இருந்தால் டர்போ சீல் பற்றி யோசிக்க வேண்டும்.

4. கரடுமுரடான ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியும் பாட்டும் அணைத்து, கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். முன்பக்கம் டொக் டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் என்ற மூவரில் ஒருவர். போலோவில் இது சகஜம், செலவும் அளவானது. விலை பேசப் பயன்படும்.

5. கிளட்ச் சோதனைக்கு நான்காம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். 2,000ஐத் தாண்டியதும் முள் துள்ளி ஏறி, வேகம் அதோடு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப் செய்து பிறகு பழைய மென்பொருளுக்கு மாற்றி விற்கப்படும் வண்டிகளில் இந்த அறிகுறி அடிக்கடி கிடைக்கும். இன்ஜினை அணைக்கும் கணத்தில் சடசடவென்ற உலோகச் சத்தம் கேட்டால் ஃப்ளைவீலும் போகிறது என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து மாற்றுவது இந்தக் காரின் பெரிய செலவுகளில் ஒன்று.

6. நான்கு கதவையும் ரிமோட்டில் நாலைந்து முறை பூட்டித் திறங்கள். போலோவில் டோர் லாக் மைக்ரோ சுவிட்ச் கெட்டுப்போவது பிரசித்தம். கதவு மூடியும் டேஷ்போர்டு திறந்திருப்பதாகச் சொல்லும். ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு ஜில் நிலைக்கிறதா பாருங்கள். கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

7. கடைசியாக ஸ்கேனர். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிக்கென்றே இருக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். பொதுவான மலிவு ஸ்கேனர் இன்ஜின் கோடை மட்டும் படிக்கும். பதிவான ஒவ்வொரு கோடும் எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதும் சேமிக்கப்பட்டிருக்கலாம். மீட்டர் 70,000 காட்ட, ஏதோ ஒரு கோடு 1,20,000இல் பதிவாகியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஐடிலில் நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் அதுதான் அடுத்த பில்.

கிலோமீட்டர் குறைவு என்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர், அதுவும் வீட்டுக்கும் கடைக்குமாக ஓடிய டீசலின் ஈஜிஆர் (புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), டர்போ எல்லாம் கரி பிடித்திருக்கும். ஒழுங்காக சர்வீஸ் செய்து நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டி அதைவிடச் சுத்தமாக இருக்கும்.

முதல் மாதம்: கம்பெனி நிலைக்குக் கொண்டுவருவது

வாங்கும் விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை இதற்கென ஒதுக்குங்கள். இந்தப் பணம் இல்லையென்றால் வண்டியின் விலையைக் குறைத்துக்கொண்டு, கொஞ்சம் பழைய வண்டியாக வாங்குவது மேல்.

முதலில் டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் செயின் கிடையாது, பெல்ட்தான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு ஹெட் வேலை, சில நேரம் இன்ஜினே. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. நம் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் 90,000 கிலோமீட்டர் அல்லது ஆறு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் மட்டும் மாற்றுவது அரைவேலை. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாக மாற்ற வேண்டும். வாட்டர் பம்பை இழுப்பதும் இதே பெல்ட் என்பதால், அதன் பேரிங் இறுகினாலும் புது பெல்ட் போய்விடும். கிராங்க், கேம், ஹை பிரஷர் பம்ப் மூன்றையும் நகராமல் பூட்டும் லாக்கிங் டூல் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பெயின்ட்டில் மார்க் போட்டு மாற்றுகிறேன் என்பவரிடம் இந்த இன்ஜினைக் கொடுக்காதீர்கள். கூலன்ட் எப்படியும் இறக்கப்படும். புதிதாக இளஞ்சிவப்புக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

அடுத்து ஆயில். ஃபோக்ஸ்வாகன் 507.00 அங்கீகாரம் அச்சிட்ட 5டபிள்யூ-30 சிந்தெடிக், ஃபில்டரோடு சுமார் 4.3 லிட்டர். டின்னில் "ஃபோக்ஸ்வாகனுக்கு ஏற்றது" என்று பொதுவாகப் போட்டிருந்தால் போதாது, அந்த எண் இருக்க வேண்டும். கம்பெனி இடைவெளி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். மிதித்து ஓட்டுபவர்கள் 10,000இல் மாற்றுங்கள். இந்தக் காரில் செய்யக்கூடிய மலிவான இன்சூரன்ஸ் அதுதான்.

டீசல் ஃபில்டரை ஒவ்வொரு 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கும் மாற்றுங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஃபில்டரை மாற்றியதும் காற்றை வெளியேற்றாமல் செல்ஃபை விடாமல் அடிப்பது. ஹை பிரஷர் பம்புக்கு லூப்ரிகேஷனே டீசல்தான். காய்ந்து சுற்றினால் உள்ளே உலோகம் உரசி, அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர் வரை போகும். புது ஃபில்டரில் டீசல் நிரப்பி, இக்னிஷனை நாலைந்து முறை போட்டு அணைத்து அல்லது ஸ்கேனரில் டேங்க் பம்பை இயக்கி, லைனில் டீசல் நிறைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் வழக்கம்போல. முன் லோயர் ஆர்ம் புஷ்களும் லிங்க் ராடும் தேய்ந்திருந்தால் இடது வலது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றி, பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள். புஷ் தேய்ந்த வண்டியில் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு இருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நெடுஞ்சாலை வளைவில் வண்டி மிதப்பதுபோல் இருப்பதற்கு முக்கால்வாசி நேரம் செத்த ஷாக் அப்சார்பர்தான் காரணம். ஓனர் மட்டும் லோயரிங் ஸ்பிரிங் தேடிக்கொண்டிருப்பார்.

"டர்போ போச்சு" என்று சொன்னால்

இந்தக் காரில் அதிகம் கேட்கும் புகார் இது: முழு மிதியில் ஓவர்டேக் செய்கையில் திடீரென பவர் செத்துவிடும், வண்டி 105 குதிரையில் இருந்து 50க்கு இறங்கியதுபோல் இழுக்காது. ஓரமாக நிறுத்தி அணைத்துப் போட்டால் பழையபடி ஓடும். இது லிம்ப் மோடு. இன்ஜின் கம்ப்யூட்டர் (இசியூ) கேட்டதைவிட அதிகமாகவோ குறைவாகவோ டர்போ அழுத்தம் (பூஸ்ட்) வந்தால், அது பவரைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றிக்கொள்கிறது. உடனே டர்போ மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் வரும். அதற்கு முன் மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

வேக்வம் ஹோஸ்கள் முதலில். இன்ஜின் சூட்டில் பத்து வருடம் வெந்த மெல்லிய ரப்பர் குழாய்கள் அவை. மடக்கிப் பார்த்தால் நுனியில் வெடிப்பு தெரியும். விலை சில நூறு ரூபாய்தான். அடுத்து பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் என்75 சோலனாய்டு வால்வு. பிறகு இன்டர்கூலர் ஹோஸும் கிளாம்பும். ஹோஸில் கரியோடு சேர்ந்த எண்ணெய்க் கறை தெரியும் இடத்தில் காற்று வெளியேறுகிறது. இவை சரியென்றால் டர்போவின் வேன்கள் (உள்ளே நகரும் சிறு தகடுகள்) கரியில் ஒட்டிக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேக்வம் கை பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் ராட் முழுத் தூரமும் தடங்கலின்றி நகர வேண்டும். நடுவில் சிக்கினால் வேன் பிரச்சினை. அப்போதும் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாம், உடனே புதிது தேவையில்லை.

எது என்று உறுதி செய்ய ஸ்கேனரில் ஒரு லாக் (ஓடும்போது அளவுகளின் பதிவு) எடுங்கள். காலியான ரோட்டில் மூன்றாம் கியரில் 1,500இல் இருந்து 4,000 ஆர்பிஎம் வரை முழு மிதி, பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு. இசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் இரண்டு கோடும் சேர்ந்து போக வேண்டும். கிடைத்தது தொடர்ந்து 200 மில்லிபாருக்கு மேல் கீழே இருந்தால் கசிவு. திடீரென மேலே எகிறினால் வேன் ஒட்டுகிறது அல்லது என்75.

வேன் ஒட்டுவதற்கும் ஈஜிஆர் அடைவதற்கும் வேர் ஒன்றுதான்: எப்போதும் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே, குறைந்த தூரம் ஓட்டுவது. வாரம் ஒருமுறை சூடான இன்ஜினோடு அரை மணி நேரம் நெடுஞ்சாலையில், நடுவில் சில முறை 3,500 தாண்டி இழுத்தால் இரண்டுமே தள்ளிப்போகும். ஈஜிஆரை அடைத்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். சட்டப்படி தவறு. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

டயர், வீல், போல்ட்

பழைய ஜிடி டிடிஐக்கு 185/60 ஆர்15, பின்னால் வந்த 16 இன்ச் வண்டிக்கு 195/55 ஆர்16. முதல் சைஸின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 போட்டால் 615, அதாவது 2 சதவீதம் கூடுதல். குழிகளுக்கு நல்லது, பிக்கப் துளி குறையும். 195/55 ஆர்15 என்றால் 595. பிக்கப் கூடும், தரை இடைவெளி சற்றுக் குறையும். 205 அகலத்துக்கு மேல் போவதில் அர்த்தமில்லை. ஸ்டீயரிங் கனமாகும், மைலேஜ் இறங்கும், மழையில் பலன் கிடைக்காது.

செகண்ட்ஸ் அலாய் வாங்கும்போது மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: 5x100 துளை அமைப்பு, 57.1 மில்லிமீட்டர் நடுத்துளை, போல்ட்டின் தலைவடிவம். நடுத்துளை பெரிதாக இருந்து, அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் ஓட்டினால் 80-100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. போல்ட் விஷயம் இன்னும் முக்கியம். கம்பெனி வீலுக்கு உருண்டையான அமர்விடம் கொண்ட போல்ட். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவம். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் விளிம்பில் மட்டுமே பிடித்திருக்கும். நாளடைவில் கழலும். முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சில். கடைக்காரரின் ஏர் கன் விட்ட கணக்கில் அல்ல. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

ரீமேப்: போடுவதற்கு முன்

மென்பொருள் மட்டும் மாற்றினாலே 130 குதிரைத்திறன் பக்கமும் 300 நியூட்டன் மீட்டருக்கு மேலும் போகலாம். விளம்பரத்தில் வருவது இவ்வளவுதான். இந்த டீசல்களுக்கு ஃபோக்ஸ்வாகன் தந்த மேனுவல் பெட்டி எம்கியூ250 குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும், பெயரில் உள்ள 250 அது தாங்க வடிவமைத்த டார்க்கைக் குறிக்கிறது என்பதும் விளம்பரத்தில் வராது. ஜிடி டிடிஐ கம்பெனியில் இருந்து வரும்போதே அந்த எல்லையில்தான் நிற்கிறது. பெட்டி உடனே உடையாது. முதலில் கிளட்ச் போகும், அப்புறம் ஃப்ளைவீல்.

அப்படியும் வேண்டுமென்றால் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கூட்டாத, மேல்பக்கம் மட்டும் சற்று நீட்டும் மேப்பைக் கேளுங்கள். போடும் முன் பூஸ்ட் லாக், போட்ட பின் ஒன்று, இரண்டும் கைக்கு வர வேண்டும். கரும்புகை கக்கினால் அது பவர் அல்ல, எரியாமல் வெளியேறும் டீசல். புகைச் சோதனையிலும் மாட்டும். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52ம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெளிவாக இருக்கின்றன: தயாரிப்பாளர் சான்றளித்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும் நாளில்தான் இந்த வரியின் கனம் தெரியும்.

ஓட்டுவது

பெட்ரோல் ஹேட்ச்சில் இருந்து வருபவர்கள் முதல் வாரம் இந்தக் காரைத் திட்டுவார்கள். 1,800 ஆர்பிஎம் வரை ஒன்றும் நடக்காது, அதற்கு மேல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். 4,000 தாண்டி இழுப்பதில் பயனில்லை. ஆக 1,900 முதல் 3,800 வரைதான் வேலை செய்யும் இடம். கியர் லீவரின் வேலை முள்ளை அங்கேயே வைத்திருப்பது.

ஆறிய இன்ஜினில் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் 2,500ஐத் தாண்டாதீர்கள். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். முழு மிதியில் ஓட்டிவிட்டு உடனே அணைக்காதீர்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் நிதானமாக வந்தாலே போதும், ஐடிலில் ஐந்து நிமிடம் விடத் தேவையில்லை.

இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது ஐந்தாம் கியரில் 60இல் இருந்து மிதிப்பதுதான் பெரிய தவறு. ஆர்பிஎம் 1,200 பக்கம் இருக்கும். எதிர்த் தடத்தில் ஏறிய பிறகு டர்போவுக்காகக் காத்திருப்பீர்கள். லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே மூன்றாம் கியருக்கு வந்து, முள் 2,000ஐத் தொட்டபின் வெளியே வாருங்கள். ஈரச் சாலையில் முதல், இரண்டாம் கியரில் முழு மிதி கொடுத்தால் முன்சக்கரம் சுழன்று ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுக்கும். டீசல் இன்ஜினால் மூக்கு கனம். வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அப்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவது உதவாது. மிதியை மெல்லத் தளர்த்தினால் மூக்கு தானே உள்ளே வரும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளும், ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் 40ம் இந்தக் காருக்கு நல்ல பள்ளிக்கூடம். ஏறும்போது இரண்டாம் கியரில் வளைவுக்குள் 1,500க்குக் கீழே விழுந்தால் வெளியே வரும்போது வண்டி மூச்சு வாங்கும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, முள் விழும் என்று தெரிந்தால் தயங்காமல் முதல் கியருக்கு வந்துவிடுங்கள். முழு மிதி, ஸ்டீயரிங் நேராகத் தொடங்கிய பிறகுதான். உள்சக்கரம் சுழலாமல் தடுக்க இதில் எதுவும் இல்லை. மேலேறும் வண்டிக்கு வழி விடுவது இறங்கும்போது உங்கள் கடமை.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். டீசலில் பெட்ரோல் இன்ஜின்போல் காற்றை அடைக்கும் திராட்டில் வேலை இல்லாததால் இன்ஜின் பிரேக்கிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஏறிய கியரைவிட ஒரு கியர் குறைவாக வைத்து இறங்குவது பாதுகாப்பு. பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வராதீர்கள். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, டிஸ்க் ஆற இடைவெளி கொடுங்கள். கருகிய வாடையும் பெடலில் மென்மையும் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளையும்.

வேகத்தை உண்மையில் சோதிக்க ரோடு இடமல்ல. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி ஸ்பீட்வே இரண்டிலும் டிராக் டே நடக்கும்போது போகலாம். போகும் முன் புது பிரேக் ஆயில், பாதிக்கு மேல் மிச்சமுள்ள பேட், டிக்கியில் இருக்கும் ஜாக்கி முதல் தண்ணீர் பாட்டில் வரை எல்லாம் வெளியே. டயரில் காற்று வழக்கத்தைவிட 3 பிஎஸ்ஐ குறைவாக வைத்துத் தொடங்குங்கள். நான்கு லேப்பில் சூட்டில் அது ஏறிவிடும். கம்பெனி பேடும் டிரம்மும் உள்ள இந்தக் காரில் ஒரே மூச்சில் நான்கைந்து லேப்புக்கு மேல் அழுத்த வேண்டாம். கடைசி லேப்பைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்து, ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூட்டில் ஹேண்ட் பிரேக் போட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளலாம். வீடு திரும்பும் முன் வீல் போல்ட்டுகளை, ஆறிய பிறகு, மறுபடி 120இல் சரிபாருங்கள்.